நோகாத கால்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, சப்பாத்தையும் கறுப்புக் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, கூடத்துக்கும் குசினிக்கும் இடையில் நடந்து திரிந்துகொண்டிருந்தேன். பசி. கோழிக்கறியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பிய என் மனைவி றீற்றா, யாரோ பீற்றூட் சாற்றைத் தரையில் சிந்தி மிதித்துத் திரிந்திருக்கிறார்கள் என்று ஏசத் தொடங்கினாள். காலையில்தான் துடைத்த தரை.

யாரோ என்று சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை. மகள் நிரோஷா ஆர்ஹுஸ் நகரத்தில் தங்கி வேலை பார்க்கிறாள். நாங்கள் இரண்டு பேரும்தான். அன்றைக்குப் பீற்றூட் சமைக்கவும் இல்லை.

குனிந்து பார்த்தேன். வாசலில் இருந்து கூடம் வரை, கூடத்தில் இருந்து குளிர்சாதனப் பெட்டி வரை, ஓர் அடி விட்டு ஓர் அடிக்கு ஒரு கறை ஒழுங்காகப் போயிருந்தது. கடைசிக் கறை என் வலது காலுக்குக் கீழே இருந்தது.

றீற்றா வயோதிபர் இல்லத்தில் வேலை செய்பவள். மனிதர்களின் காலைத் தூக்கிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். என்னைக் கதிரையில் இருத்தி, காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்தாள். பெருவிரலுக்குக் கீழே, தடித்துப்போன தோலின் நடுவில், ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள் ஒரு சின்னச் சரளைக் கல். அவள் அதைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"நோகேல்லையோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

நோகவில்லை என்றதும் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது. அதை நாங்கள் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டோம். கோழிக்கறியோடு சோறு சாப்பிட்டோம்.

நான் மருத்துவன் அல்ல. மன்னாரில் பிறந்து, இளவயதில் டென்மார்க்குக்கு வந்து, வைலேயில் ஒரு உணவுக் கிடங்கின் குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவன். எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் ஒரு வருடம் முழுக்கப் பயந்திருக்கிறேன். என்னைப்போல் சீனி வருத்தம் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும், அவர்களோடு ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தப் பயத்தால் ஒரு பிரயோசனம் இருக்கலாம் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

கதை அந்தக் கல்லுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. மக்களின் வாழ்க்கைப் பழக்கங்களுக்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறார்கள், என் பெயர் சீட்டுக் குலுக்கலில் வந்திருக்கிறது, விருப்பமென்றால் வந்து உடம்பை அளக்கவும் இரத்தம் கொடுக்கவும் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். றீற்றாவுக்கு அழைப்பு இல்லை. சீட்டில் ஒருநாளும் ஒன்றும் விழாத எனக்கு முதல் தடவையாக விழுந்திருக்கிறது என்று பகிடி பண்ணிக்கொண்டு போனேன்.

போகும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று சொல்ல வேண்டும். சிகரெட் தொட்டதில்லை. கலியாண வீடுகளில் மட்டும் ஒரு பியர். தொந்தி இல்லை. வேலையில் நாள் முழுக்க நடை. என்னோடு வேலை செய்யும் டெனிஷ்காரர்களில் பாதிப்பேர் இடைவேளைக்கு இடைவேளை புகைக்கிறவர்கள். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு நல்ல உடம்பையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அங்கே ஒரு இளம்பெண் என்னை இருத்திக் கேள்வி கேட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு ருக்புறோட் (இங்கத்தைய கறுப்புப் பாண்)? எத்தனை உருளைக்கிழங்கு? கிழமைக்கு எத்தனை கிளாஸ் வைன்? பூசையில் குருவானவர் குடிப்பதைப் பார்ப்பதோடு சரி என்றேன். சிரித்தாள். பாஸ்தாவும் சோறும் ஒரே கேள்வியில் இருந்தன. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் எங்கே புள்ளடி போடுவது என்று கேட்டேன். அவள் அவை என்னவென்று கேட்டு, எவ்வளவு சாப்பிடுவேன் என்றும் கேட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது அவள் சிரிக்கவில்லை.

ஐரோப்பா முழுக்க இப்படி ஏராளமான பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்க்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். புகை, குடி, சாப்பாடு, நடை, நித்திரை என்று எந்தப் பழக்கம் எந்த நோயில் கொண்டுபோய் விடுகிறது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார்களாம். ஆனால் அழைப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊர் ஆட்கள். எங்களைப் போன்றவர்கள் வருவது குறைவு, அதனால் எங்கள் உடம்பைப் பற்றி அவர்களுக்குத் தெரிவதும் குறைவு என்றாள்.

பிறகு இடுப்பை அளந்தாள். ஒரு டெனிஷ்காரருக்கு இந்த அளவு பரவாயில்லை, தெற்காசியர்களுக்கு இன்னும் முன்னாலேயே கவனம் வேண்டும், மெல்லிய உடம்பிலேயே உங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சீனி வந்துவிடுகிறது என்றாள். இடுப்பிலுமா எங்களுக்கு வேறு சட்டம் என்று கேட்டேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிவு வசந்தத்தில் வந்தது. நிரோஷாவை வாசித்துச் சொல்லச் சொன்னேன். அவள் எப்போதும் என்னோடு டெனிஷில்தான் கதைப்பாள். தொலைபேசியில் வேகமாக வாசித்துக்கொண்டு வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். நீண்டகாலச் சீனி (கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் சீனி எவ்வளவு இருந்தது என்பதன் சராசரி) மிகவும் கூடுதலாம். உடனே குடும்ப மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார்களாம்.

குடும்ப மருத்துவர் திரும்பவும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரண்டாம் வகை நீரிழிவு. எனக்கே தெரியாமல் பல வருடங்களாக இருந்திருக்கும் என்றார். குளிசை தந்தார். கண்ணையும் காலையும் பரிசோதிக்க எழுதினார். காலைப் பரிசோதிக்கும் தவணை நாள் கோடை விடுமுறைக்குப் பிறகுதான் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது என்றும் சொல்லிவிட்டார். அதை றீற்றாவிடம் சொன்னேன். ஓம், பாப்பம் என்றாள்.

எனக்குக் கண்ணைப் பற்றிய பயம் வரவில்லை. கால்தான் நினைவுக்கு வந்தது. மன்னாரில் என் சின்னையாவுக்கு (அப்பாவின் தம்பி) சீனி இருந்தது. முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். அடுத்த தடவை நான் பார்த்தபோது பாதம் இல்லை. பிறகு முழங்கால் வரை போய்விட்டது. சீனி என்ற சொல்லைக் கேட்டாலே, கட்டிலில் அவர் சாரத்தை இழுத்து அந்த இடத்தை மூடுவதுதான் எனக்குத் தெரிகிறது. வேலையிடத்தில் யாருக்கும் சொல்லவில்லை. குளிர் அறையில் நாள் முழுக்க நிற்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிஞ்சும் என்று யோசித்துக்கொண்டு பெட்டி அடுக்கினேன்.

அதனால் நேர்த்தி வைத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் டென்மார்க்கில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் யூலாந்தில் ஒரு மாதா தலத்துக்குப் போவோம். ஹ்விடோவ்ரேயில் இருந்தும் அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். சுருவத்தை (மாதாவின் சிலை) தூக்கிக்கொண்டு செபமாலை சொல்லிச் சுற்றி வருவோம், பிறகு சாப்பாடு. நேர்த்தி உள்ளவர்கள் செருப்பில்லாமல் நடப்பார்கள். என் காலைக் காப்பாற்றித் தாரும், இந்த வருடம் நான் வெறுங்காலோடு வருகிறேன் என்று மாதாவிடம் சொன்னேன்.

சொன்னபடி நடந்தேன். அன்றைக்கு நல்ல வெயில். தார் வீதி சூடேறிக் கிடந்தது. அதன் பிறகு மேட்டில் ஏறும் பாதை முழுக்கச் சரளைக் கல். எனக்கு முன்னால் வெறுங்காலோடு போனவர்கள் கல்லில் கால் வைக்க முடியாமல் ஓரத்துப் புல்லுக்குப் போனார்கள். சிலர் நொண்டினார்கள். ஒருவர் பாதியில் செருப்பைப் போட்டுக்கொண்டார். நான் பாதையின் நடுவால் நேரே நடந்தேன். எனக்கு ஒரு நோவும் இல்லை.

மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அழுதேன். மாதா கேட்டுவிட்டா என்று நம்பினேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற எல்லோருக்கும் சொன்னேன், பஞ்சில் நடந்தது போல இருந்தது என்று. கேட்டவர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அந்த வருடத்தில் நான் பயமில்லாமல் நித்திரை கொண்டது அதற்குப் பிந்திய மூன்று கிழமைகள் மட்டும்தான்.

குளிக்கும்போது நாங்கள் காலின் மேற்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். வேலையில் தடித்த காலுறையும் இரும்பு வைத்த சப்பாத்தும். அந்தக் கல் என்னோடு வேலைக்குப் போய் வந்தது, கடைக்குப் போய் வந்தது, பூசைக்கும் வந்தது.

தரையில் கறை கண்ட ஞாயிற்றுக்கு அடுத்த நாள் குடும்ப மருத்துவரிடம் போனேன். அவர் காலைப் பார்த்தார், மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார், தொலைபேசியை எடுத்தார். பின்னேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியின் காயச் சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். அந்த நடைபாதையில் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. எனக்கு எதிரே இருந்த மனிதருக்கு ஒரு சப்பாத்துத்தான் இருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

மருத்துவரின் பெயர் மெட்டே. எனக்கு அவரை இன்றைக்கும் பிடிக்கும், ஏனென்றால் அவர் ஒன்றையும் மூடி மறைக்கவில்லை. முதலில் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலோன் நூலால் பாதத்தைத் தொடுவேன், தொடுவது தெரியும் ஒவ்வொரு தடவையும் ஆம் என்று சொல்லுங்கள் என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்து அறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. றீற்றா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பிடி இறுகிக்கொண்டு வந்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

"எப்போது தொடங்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"முடித்துவிட்டேன்," என்றார் மெட்டே.

கண்ணைத் திறந்தேன். றீற்றாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நரம்புச் சேதம் என்று விளக்கினார் (நீண்ட காலம் சீனி கூடி இருந்தால் பாதத்து நரம்புகள் செத்து, சூடும் நோவும் தெரியாமல் போவது). பிறகு ஒரு மெல்லிய உலோகக் கம்பியை ஓட்டைக்குள் விட்டார். அது எதிலோ தட்டியது. அந்தத் தட்டும் சத்தத்தை நான் காதால் கேட்டேன். கால் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. தட்டியது எலும்பு என்றார். எலும்பழற்சி இருக்கக்கூடும் (காயத்தின் வழியாகக் கிருமி எலும்புக்குள் போய்விடுவது), படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

எப்படிக் கல் ஏறியது என்று கேட்டார். சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பஞ்சில் நடந்தது போல என்று நான் எல்லோருக்கும் சொன்னது மாதாவின் வேலை இல்லை. அது வருத்தத்தின் வேலை. நான் நன்றி சொல்லி அழுத அந்த நேரத்தில் கல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. மாதாவில்தான் கோபம் வந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. மெட்டே சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. நோவு இருந்திருந்தால் முதல் கல்லிலேயே நின்றிருப்பீர்கள் என்று மட்டும் சொன்னார்.

கால் போகுமா என்று கேட்டேன்.

"இன்றைக்கு எனக்குத் தெரியாது," என்றார். "உங்கள் காலில் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. அது உங்களுக்குச் சாதகம். பெருவிரல் போகலாம். பாதத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறேன்."

கட்டிலில் போட்டு இரத்த நாளம் வழியாக மருந்து ஏற்றினார்கள். தாதி ஒரு பேனையால், காலில் சிவந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடு கீறினாள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காக. அதன் பிறகு எனக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு கோடுதான். விடிந்ததும் போர்வையை விலக்கி அதைப் பார்ப்பேன். சாப்பாடு கொண்டுவரும்போது பார்ப்பேன். சின்னையா சாரத்தை இழுத்து மூடியது ஏன் என்று அப்போது எனக்கு விளங்கியது. பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஒரு காலையில் சிவப்பு கோட்டுக்கு வெளியே வந்திருந்தது.

நிரோஷா ஆர்ஹுஸில் இருந்து வந்தாள். மருத்துவர்களோடு நின்று நீண்ட நேரம் டெனிஷில் கதைத்தாள். ஆளைப் பார்த்தால் என் மகள் என்று சொல்ல முடியாது, அவ்வளவு நிதானம். பிறகு என் கட்டிலுக்கு வந்து தமிழில் அழுதாள். "அப்பா, விரலை எடுக்கட்டாம். எடுக்காட்டி மேல போயிடுமாம்." அவள் கடைசியாக என்னோடு தமிழில் கதைத்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

பெருவிரலை எடுத்தார்கள். சத்திரசிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, திரும்பி வரும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் எனக்கு இல்லை. செபம் வரவில்லை. வெளியே நடைபாதையில் இருந்து றீற்றா செபம் சொல்லியிருக்கிறாள். அவள் அங்கே என்ன சொன்னாள் என்பது எனக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது.

விழித்தபோது போர்வைக்குக் கீழே பாதம் நின்றது தெரிந்தது. பாதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மெட்டே வந்து சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பிறகு வந்தது காத்திருப்பு. முன்பாதத்தில் பாரம் விழாமல் இருக்க ஒரு பெரிய சப்பாத்துப் போட்டார்கள். நடக்காதே என்பதுதான் மருந்து. இந்த மருந்து எங்களைப் போன்றவர்களுக்குச் சரியான கசப்பு. நோகாத காலை ஏன் நடக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று உடம்பு கேட்டுக்கொண்டே இருக்கும். கோடை போய், மரங்கள் இலை கொட்டி, பின்னேரம் சீக்கிரம் இருட்டத் தொடங்கியது. நான் யன்னலுக்குப் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். முன்பெல்லாம் என் நாட்களை வேலை நேரம்தான் வெட்டியது, காலை வேலை, மாலை வேலை என்று. இப்போது நாள் என்பது கட்டு மாற்றுவதும் அடுத்த கட்டு மாற்றுவதும்தான். காயம் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டத்தான் மூடியது.

அந்த மாதங்களில் பாதப் பராமரிப்பாளர் றீற்றாவுக்கு எல்லாம் பழக்கிவிட்டார். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும். சப்பாத்துப் போட முன்னர் கையை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. நைலோன் நூல் இல்லாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு வழியும் காட்டினார். கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனியால் கால்விரல்களை மெதுவாக, அழுத்தாமல், ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். தெரிந்தால் சொல்ல வேண்டும்.

இராச்சாப்பாடு முடிந்ததும் றீற்றா தரையில் இருந்துகொண்டு என் காலை மடியில் வைப்பாள். வேலையில் வயோதிபர்களோடு கதைக்கும் அதே குரலில் என்னோடு கதைப்பாள். என் கால் எனக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை போல ஆகிவிட்டது. அதற்கு என்ன நடந்தாலும் அது வாய் திறந்து சொல்லாது, பொறுப்பு மட்டும் என்னுடையது. குளித்துவிட்டு வந்து ஒரு துவாயில் நின்றால், நிற்கிறேன் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறேன்.

பங்குனியில் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து அதே பெண் தொலைபேசி எடுத்தாள். ஒரு வருடத்தில் என்ன மாற்றம் என்று கேட்பது அவர்களுடைய வழமையாம். விரல் போன கதையைச் சொன்னேன். வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் பற்றி அவர்களிடம் கேள்வியே இல்லை என்றாள். பிறகு, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவரும் இதே சாப்பாடுதானா என்று கேட்டாள். மனைவி, ஒரே சட்டி என்றேன். அவருக்கு இரத்தம் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

நான் றீற்றாவிடம் திரும்பவும் சொன்னேன். அவள் என் காலுறையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதல் உங்கட கால் சரியா மாறட்டும்," என்றாள். "நான் விடிஞ்சதில இருந்து ஓடித் திரியிறன். எனக்கென்ன வருத்தம்?"

நான் விட்டுவிட்டேன். அவள் மெல்லிய ஆள். புகை இல்லை, குடி இல்லை, வேலையில் நாள் முழுக்க நடை. இதையே நான் என்னைப் பற்றியும் நினைத்தவன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

போன ஜூனில் திரும்பவும் தலத்துக்குப் போனோம். எனக்கு அளவெடுத்துச் செய்த சப்பாத்து. மேட்டுப் பாதை எனக்கு வேண்டாம் என்று, கீழே மர நிழலில் மடக்குக் கதிரையைப் போட்டு இருந்தேன். கார் நிறுத்திய இடத்தில் றீற்றா செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தாள். அப்போதுதான் சொன்னாள். எனக்கு விரல் எடுத்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி நடைபாதையில் இருந்து, பாதம் தப்பினால் வெறுங்காலோடு வாறன் என்று நேர்த்தி வைத்தாளாம்.

வேண்டாம் என்று கெஞ்சினேன். "மாதாவுக்குச் சொன்னதை மாத்தேலாது," என்றாள். "நீங்கள் பயப்பிடாதேங்கோ. எனக்குச் சீனி இல்லைத்தானே."

சுருவம் புறப்பட்டது. செபமாலை ஒலிபெருக்கியில் கேட்டது. அன்றைக்கும் நல்ல வெயில். நான் இருந்த இடத்தில் இருந்து மேட்டுப் பாதை நன்றாகத் தெரியும். வெறுங்காலோடு போன சனம் சரளைக் கல் தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக ஓரத்துப் புல்லுக்குப் போனார்கள். குதிக்காலால் நடந்தார்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். நான் றீற்றாவின் நீலச் சேலையைத் தேடினேன்.

அவள் பாதையின் நடுவில் போய்க்கொண்டிருந்தாள். நேரே. ஒரு தடவையாவது நொண்டு, ஒரு தடவையாவது புல்லுக்குப் போ என்று நான் வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவளுக்கு நோக வேண்டும் என்று நான் மன்றாடியது அந்த ஒரு தடவைதான். அவள் வளைவில் திரும்பி மறையும் வரை அதே நடைதான் நடந்தாள்.

திரும்பி வந்தபோது அவளுடைய முகம் முழுக்கச் சந்தோசம்.

"ஒரு நோவும் தெரியேல்லை, பாருங்கோ," என்றாள். "மாதா ஏற்றுக்கொண்டா."

நான் எழும்பி அவளைக் கதிரையில் இருத்தினேன். புல்லில் முழங்காலை மடித்து இருந்து, அவளுடைய இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்து, தண்ணீர்ப் போத்தலில் இருந்து ஊற்றிக் கழுவி, சட்டைப்பையில் இருந்த லேஞ்சியால் துடைத்தேன். ஒரு வருடமாக அவள் என் காலைப் பார்த்தாள். நான் அவளுடைய காலைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஓட்டை இல்லை. கல் இல்லை. இரண்டு இடத்தில் தோல் உரிந்து கசிந்திருந்தது. அதைத் துடைத்தபோதும் அவள் காலை இழுக்கவில்லை.

"கண்ணை மூடும்," என்றேன். "நான் தொடேக்க தொடேக்க ஓம் எண்டு சொல்லும்."

அவளுக்கு விளங்கியது. பகிடியாகச் சிரித்தாள். ஆனாலும் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடினாள், கையை மடியில் கோத்துக்கொண்டாள். நான் என் விரல் நுனியை அவளுடைய வலது காலின் பெருவிரலில் வைத்தேன். அவள் என் காலில் செய்து பார்த்தபடியே, மெதுவாக, அழுத்தாமல். காத்திருந்தேன். சின்ன விரலில் வைத்தேன். நடு விரலில் வைத்தேன். இடது காலுக்குப் போனேன். அங்கும் பெருவிரல், நடு விரல், சின்ன விரல். ஒலிபெருக்கியில் செபமாலை முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அதே சிரிப்போடு கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

"கெதியாத் தொடங்குங்கோவன்," என்றாள் றீற்றா. "சனம் பாக்குது."